பழுப்பரிசி யாருக்கு?

பிப்ரவரி 12, வியாழன்

இவர் இன்று ஈரோட்டிலிருந்து திரும்பும்போது பம்ப்செட் சாமான்களோடு ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றையும் இறக்கினார். பையின் மேல் ‘கைக்குத்தல் அரிசி’ என்று அச்சடித்திருக்கிறது. எந்தக் கை குத்தியது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மில் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும்தான் இருந்தன. உள்ளே இருப்பது தவிடு நீக்காத பழுப்பரிசி.

வாரத்தில் இரண்டு நாள் இனி இதைத்தான் பொங்க வேண்டுமாம். சோற்றில் ஒரு கறுப்பு மணி கிடந்தாலும் தட்டோரம் ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்க்கிற மனிதர் சொல்கிறார். ஏன் என்று கேட்டேன். நல்லதாம். யார் சொன்னது என்று கேட்பதற்குள் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. கம்பெனிக்காரர்கள் வருஷாவருஷம் இவருடைய கடைக்குக் கொடுக்கும் டைரி என்னிடம் வந்து சேர்வதும் அதனால்தான். இவர் வரவு செலவைக்கூட மனசில் வைத்துக்கொள்கிறவர். நான் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கிறவள்.

பிப்ரவரி 13, வெள்ளி

பொன்னி அரிசிக்கு வைக்கிற மாதிரியே தண்ணீர் வைத்து, அதே மூன்று விசில் விட்டேன். திறந்தால் தண்ணீர் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. மறுபடி மூடி மறுபடி விசில். அப்போதும் மெல்லத்தான் வேண்டியிருந்தது. இவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். சோறு வேகாததைவிட இதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

மூன்று டம்ளரில் அரிசியை ஊறப் போட்டுச் சோதித்தேன். ஒரு மணி நேரம் ஊறியது பயன் இல்லை. காலையில் போட்டு மத்தியானம் எடுத்தது பரவாயில்லை. நேற்று ராத்திரியே ஊறப் போட்டதுதான் சரி. ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர், சிறு தீ, அடுப்பை அணைத்த பிறகும் குக்கரைச் சீக்கிரம் திறக்கக் கூடாது. வேகும்போது நனைந்த சாக்கு வாசம் ஒன்று வருகிறது. இரண்டு தரம் முகர்ந்தால் பழகிவிடுகிறது.

இட்லிக்கும் அரைத்துப் பார்த்தேன். இட்லியை எடுத்து எறிந்தால் ஆள் விழுவான். அதே மாவில் தோசை மட்டும் மொறுமொறுவென்று வந்தது. இவர் நான்கு சாப்பிட்டார்.

சோதனை செய்ய நேரம் நிறைய இருக்கிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கோகிலாவைப் பற்றி டைரியில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். எங்கள் ஒரே மகள். நாகர்கோவில் பையன் சுபினைத் தானாகக் கல்யாணம் செய்துகொண்டு ஈரோட்டில் இருக்கிறாள். மூன்று வருஷம் ஆகிறது. நம் ஆட்கள் இல்லை என்று இவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: அவள் இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது, இந்த வீட்டு ஆள் யாரும் அவள் வீட்டில் கை நனைக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் அந்த உறவை ஏற்றுக்கொண்டோம் என்று அர்த்தம். அவளும் ரோஷக்காரி, போன் நம்பரை மாற்றிவிட்டாள். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

வியாழக்கிழமை இவர் ஈரோட்டுக்குச் சரக்கு எடுக்கப் போகிற நாள். இன்று பழுப்பரிசியில் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுக்கச் சொன்னார், அதுவும் பெரிய கேரியரில். அங்கே மொத்தக்கடை வைத்திருக்கும் ரங்கநாதன் சாரும் சாப்பிடுவாராம். மஞ்சள்தூள் எவ்வளவு போட்டும் நிறம் ஏறவில்லை. கேரியர் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. புளிப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம் என்று ரங்கநாதன் சார் அபிப்பிராயம் சொன்னாராம்.

யார் வீட்டுச் சோறோ சாப்பிட்டுவிட்டு அபிப்பிராயம் வேறு.

பிப்ரவரி 26, வியாழன்

தேங்காய்ச் சோறு. ரங்கநாதன் சாருக்கு ரொம்பப் பிடித்ததாம். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு சந்தோஷம். ஒரு மொத்தக்கடைக்காரர் வயிறார உண்டதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவரை நான் பார்த்ததில்லை. பழைய பாக்கியை வசூல் பண்ணாமல் விட்டுவிட்டாரோ என்னவோ.

மார்ச் 5, வியாழன்

ரங்கநாதன் சாருக்குப் பூண்டு வாசம் குமட்டுகிறதாம். இனிமேல் போடக் கூடாதாம்.

மார்ச் 11, புதன்

மருந்துக்கடை அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பழுப்பரிசியை யார் வாங்குகிறார்கள் என்றால், சர்க்கரை வந்தவர்கள்தான் என்றாள்.

அப்போதிலிருந்து மனசு சரியில்லை. இவருடைய அப்பாவுக்குச் சர்க்கரையில் காலையே எடுக்க வேண்டி வந்தது. இவர் தனக்கு வந்துவிட்டதை மறைத்துக்கொண்டு, அரிசியை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, ஊர் பேர் தெரியாத ரங்கநாதனைச் சாக்குச் சொல்கிறார். பயமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. இவருக்கு எது வந்தாலும் கடைசியில் தெரிந்துகொள்வது நானாகத்தான் இருக்க வேண்டுமா?

மார்ச் 14, சனி

எனக்குத் தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி இவரை லேபுக்குக் கூட்டிப் போனேன். வந்தது வந்தீர்கள், நீங்களும் ஒரு கையை நீட்டுங்கள் என்றேன். சாதுவாக நீட்டினார். பயந்த மாதிரியே தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

இரண்டு பேருக்கும் சர்க்கரை இல்லை. டாக்டர் இவரிடம் வெள்ளைச் சோறே சாப்பிடலாமே என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டு, வரும் வழியில் இன்னொரு பை பழுப்பரிசி வாங்கினார்.

பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். உடைத்து முடித்ததும் கேள்வி பழையபடி வந்து நின்றது. சர்க்கரை எனக்கும் இல்லை, இவருக்கும் இல்லை. அப்படியென்றால் இந்த அரிசி யாருக்கு?

கேட்டேவிட்டேன். ரங்கநாதன் சாருக்குச் சர்க்கரையா என்றேன். பிடித்துக்கொள்ளக் கயிறு கிடைத்தவர் போல, ஆமாம், அவருக்குத்தான் என்றார். வீட்டில் சமைத்துப் போட ஆள் இல்லையாம், பாவமாம்.

மார்ச் 26, வியாழன்

ரங்கநாதன் சாருக்கு மாங்காய்ச் சோறு சாப்பிட வேண்டும் போலிருக்கிறதாம். சந்தையில் மாங்காய் இப்போதுதான் தலைகாட்டுகிறது, யானை விலை. இவரே நாலு கடை ஏறி இறங்கிப் பொறுக்கி எடுத்து வந்தார்.

பூண்டு குமட்டுகிறது, மாங்காய் கேட்கிறது. ஐம்பத்தைந்து வயது மொத்தக்கடைக்காரருக்கு. துருவினேன், தாளித்தேன், கட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று எள்ளுச் சோறு கட்டலாம் என்று எள்ளை வறுத்துக்கொண்டிருந்தேன். இவருக்கு உயிர். வாசம் பிடித்ததும் சமையலறைக்கு ஓடிவந்தார்.

“எள்ளு வேண்டாம் ருக்கு.”

“ஏனுங்க, அவருக்கு ஆகாதுங்களா?”

“இப்போதைக்கு ஆகாது.”

இப்போதைக்கு என்றார். நான் வறுத்த எள்ளைப் பாட்டிலில் போட்டு மூடினேன். புளிச் சோறு செய்தேன். அரிசி உதிரி உதிரியாக நின்று புளிக்காய்ச்சலை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பொன்னியில்கூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை. கடுகு தாளிக்கும்போது எண்ணெய் சிந்திவிட்டது. வெயில் ஜாஸ்தி.

ஏப்ரல் 6, திங்கள்

ஊறப் போட்ட அரிசியை நேற்று மறந்துவிட்டேன். தண்ணீர் வடித்து மூடி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. இன்று திறந்தால் ஒவ்வொரு அரிசியின் முனையிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். முளை. பையில் கட்டி வைத்திருந்த அரிசி முளைவிடும் என்று எனக்குத் தெரியாது. தவிட்டோடு முளைப்பகுதியும் போகாமல் இருப்பதால் உயிர் இருக்கும் என்று பக்கத்து வீட்டு டீச்சர் விளக்கினாள்.

அதைப் பொங்க மனசு வரவில்லை. வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று சில வீடுகளில் வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். இன்று கேரியரை மேடையில் வைத்துவிட்டு இவர் குளிக்கப் போனார். எடுத்தேன், கனத்தது. அடி டப்பாவைத் திறந்தேன். நேந்திரங்காய்ச் சிப்ஸ். தேங்காயெண்ணெய் வாசம் ஆளைத் தூக்கியது. நம் பக்கம் யாரும் தேங்காயெண்ணெயில் பொரிப்பதில்லை. அது நாகர்கோவில் சிப்ஸ். உள்ளே போட்டவர்கள் அதை இவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, அல்லது சொன்னது இவர் காதில் ஏறவில்லை.

ஒன்று எடுத்துத் தின்றேன். பிறகு அடுப்படியிலேயே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

என் மகளுக்குக் குழந்தை வரப்போகிறது. என் மகளுக்கு இந்த வயதில் சர்க்கரை. எழுதிவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு எள் ஆகாது என்பார்கள்; எள்ளை மூடி வைத்த அன்றே தெரியும். அதை எழுதினால் அடுத்த வரியாக வேறொன்றையும் எழுத வேண்டியிருக்கும் என்றுதான் எழுதவில்லை. கை நனைக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை போட்டவர், வாராவாரம் அங்கே உட்கார்ந்து கை நனைத்துவிட்டு வருகிறார். இவர் பேச்சுக்காக நான் ஈரோட்டுப் பஸ்ஸைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் இருந்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. குளித்துவிட்டு வந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். கால் மரத்துப்போச்சு என்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

சண்டை போடலாம் என்று எழுந்தேன். போட்டால் என்ன ஆகும்? பிடிபட்ட வெட்கத்தில் இவர் போவதை நிறுத்திவிட்டால்? அவளுக்குப் போகிற சோறும் நின்றுவிடும். இவராக வாயைத் திறக்கட்டும். அதுவரை எனக்கு ரங்கநாதன் சார்தான்.

ஏப்ரல் 23, வியாழன்

தயிர்ச் சோறு. பழுப்பரிசி தயிரோடு சேர்வதேயில்லை, மணி மணியாகத் தனித்து நிற்கிறது. சூடாக இருக்கும்போதே பால் ஊற்றிக் கரண்டியால் நன்றாக மசித்து, ஆறிய பிறகு தயிர் கலந்தேன். அப்போதுதான் வழிக்கு வந்தது.

கட்டிக் கொடுக்கும்போது, சாப்பிட்டதும் படுக்க வேண்டாம், வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள் ரங்கநாதன் சாரை என்றேன். சரி என்றார். கால் வீங்குகிறதா என்று கேளுங்கள் என்றேன். கொஞ்சம் வீங்குகிறது என்றார், கேட்காமலேயே.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

வெயிலுக்கு அரிசியில் சிக்கு வாடை வந்துவிட்டது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறதே. இனி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி பிரிட்ஜில் வைக்க வேண்டும். கெட்டதை மாட்டுக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கிச் சமைத்தேன். ரங்கநாதன் சாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதாம். டாக்டர் இதே சாப்பாட்டைத் தொடரச் சொன்னாராம்.

மார்வாடிக் கடையில் வளையல் பார்த்துவிட்டு வந்தேன். சும்மா பார்த்தேன்.

மே 14, வியாழன்

மெதுவாக ஆரம்பித்தார். எலுமிச்சை, புளி, தேங்காய், மாங்காய், தயிர் ஐந்தையும் ஒரே நாளில் இந்த அரிசியில் செய்ய முடியுமா என்றார். ரங்கநாதன் சார் வீட்டில் ஒரு விசேஷமாம்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றது. ஏழாம் மாசம். கட்டுச்சோறு. கர்ப்பமான பெண்ணுக்கு அம்மா வீட்டிலிருந்து வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டுபோய் ஊட்டி, பிரசவத்துக்குக் கையோடு கூட்டி வருவது எங்கள் வழக்கம். இந்த மனிதர் பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு சோறாகக் கேட்டது இதற்குத்தான். அவளுக்கு ஆகிற அரிசியில் என் கை பழக வேண்டும், ஆனால் யாருக்கு என்று என்னிடம் சொல்லக் கூடாது. சொல்ல வாய் வராத இடத்தில் அரிசியை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

“கட்டுச்சோறுன்னா அம்மாக்காரி போகோணுமுங்க. ரங்கநாதன் சாருக்கு அம்மா இருக்கறாங்களா?” என்றேன்.

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, நானும் வருகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டினாரா, ஈ ஓட்டினாரா என்று சரியாகச் சொல்ல முடியாது. நான் ஆட்டியதாகவே வைத்துக்கொண்டேன்.

மே 21, வியாழன்

ஐந்து சோறும் செய்தேன். வளையல், பூ, புடவை எல்லாம் என் பைக்குள். ஒரு சந்தில் திரும்பி, யாரிடமும் வழி கேட்காமல், ஒரு மாடி வீட்டின் முன் நிழல் பார்த்து நிறுத்தினார். எந்த மரத்து நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்பதுவரை இவருக்குத் தெரிந்திருக்கிறது.

கதவைத் திறந்தது சுபின். என்னைப் பார்த்துத் திகைத்துப் போய், கோகிலா என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டான். அவள் வந்தாள். கன்னம் வற்றி, வயிறு மட்டும் பெரிதாக. அழக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கே முடிந்தது? அவள் அழவில்லை. என் கையிலிருந்த கேரியரை வாங்கி வைத்துவிட்டு, உட்காரம்மா என்றாள், விருந்துக்கு வந்த ஒறம்பரைக்குச் சொல்கிற மாதிரி.

வளையல் போட்டேன், பூ வைத்தேன். ஐந்து சோற்றிலும் ஒவ்வொரு வாய் ஊட்டினேன். வாங்கிக்கொண்டாள். சுபின் எல்லோருக்கும் இலை போட்டான். இவருக்கு மட்டும் இலைக்குப் பதில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, பக்கத்தில் வெந்நீர் டம்ளர். யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இவருக்குத் தனித் தட்டு இருக்கிறது.

இரண்டு வாய் தின்ற பிறகு கோகிலா என்னைப் பார்த்தாள்.

“வாராவாரம் சமைச்சுக் குடுத்துவுட்டயேம்மா. ஒருக்கா வந்து பாக்கோணும்னு தோணலையா? அப்பா எத்தனையோ தடவ கூப்புட்டும் நீதான் வரமாட்டேன்னுட்டயாமா?”

இவரைத் திரும்பிப் பார்த்தேன். புளிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், பிசைய வேண்டாத சோற்றை. தன் பேச்சைத் தானே மீறிவிட்டேன் என்று என்னிடம் சொல்ல வெட்கம், சொல்லவில்லை என்று மகளிடம் ஒப்புக்கொள்ளவும் வெட்கம். அதனால் பழி என் தலையில். மூணு மாசமாக என் மகள், தான் கர்ப்பம் என்று தெரிந்தும் வராத அம்மா என்று நினைத்துக்கொண்டு என் சோற்றைத் தின்றிருக்கிறாள்.

என் இலையிலும் சோறு இருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“நானுங்களா வரமாட்டேன்னது? நீங்களே அவகிட்டச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் இந்த ஊட்டுல கை நனைக்க மாட்டேன்.”

சுபின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன். இவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

“அது வந்து கண்ணு... ரங்கநாதன் சார்...”

“யாருப்பா அது?” என்றாள் கோகிலா.

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிடவில்லை. இவர் வெந்நீரை எடுத்துக் குடித்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் தட்டைப் பார்த்தபடியே பேசினார். ஜனவரியில் ஸ்கேன் எடுக்கிற இடத்து வாசலில் அவளைப் பார்த்தாராம். இளநீர் வாங்கிக் கொடுத்தாராம். சர்க்கரை இருக்கிறது, குடிக்கக் கூடாது என்று அவள் திருப்பிக் கொடுத்தாளாம்.

“உங்கம்மாளுக்கு நான் ஒண்ணுமே சொல்லல கண்ணு. அவளாத்தான் கண்டுபுடிச்சு வந்திருக்கறா. அன்னிக்குப் பேசுன பேச்ச என்னால முழுங்க முடியல. அதான் அவ மேல போட்டுட்டேன்.”

கோகிலா என் பக்கம் திரும்பினாள். இப்போதுதான் அவள் கண் நிறைந்தது. என் முழங்காலில் கையை வைத்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேனே தவிர, இலையைத் தொடவில்லை. இவருக்குப் புரிந்தது. கட்டுச்சோறு கட்டி வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போக வேண்டிய வார்த்தை இன்னும் பாக்கி இருந்தது.

“கார்ல எடம் இருக்குது” என்றார்.

“எடம் இருக்கறது எனக்குத் தெரியும்ப்பா” என்றாள்.

இவர் நிமிர்ந்தார். முதலில் மகளைப் பார்த்தார், பிறகு கையில் குழம்புக் கரண்டியோடு நின்ற சுபினைப் பார்த்தார்.

“நம்மூட்டுக்கு வா கண்ணு. பிரசவம் அங்கதான். மாப்பிள்ளையும் வரட்டும்.”

அதற்குப் பிறகுதான் நான் கை நனைத்தேன்.